காமிராவுக்கு ஓர் இருப்பு நிலை

புதிதாக டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிரா வாங்குகிறவர்களில் அநேகர், அதன் மேற்புறத்தில் இருக்கும் சக்கரத்தைப் பச்சை நிறத்தில் குறித்த ‘ஆட்டோ’ ஸ்தானத்தில் திருப்பி வைத்துவிட்டு, வருஷக்கணக்கில் அதை அங்கிருந்து அசைப்பதே இல்லை. வேறு சிலரோ, எல்லா அளவுகளையும் தாமே கையால் நிர்ணயிப்பதுதான் தேர்ந்தவருக்கு லட்சணம் என்று யாரோ சொல்லக் கேட்டு, ‘எம்’ என்ற எழுத்துக்குத் தாவி, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று அளவுகளையும் திருத்திக்கொண்டு நிற்கையில், படத்தில் அகப்பட வேண்டிய குழந்தை எழுந்து அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுகிறது. முதல் வகையாருக்குக் காமிராவின் சக்தியில் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கிறது. இரண்டாம் வகையாருக்கு அந்தச் சக்தியே இடையூறாகிவிடுகிறது.

இவ்விரு கோடிகளுக்கும் நடுவே ஒரு ராஜபாட்டை இருக்கிறது. காமிராவின் பட்டியல்களில் அடுக்கடுக்காக வரும் தேர்வுகளில் பெரும்பாலானவை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடத் தக்கவை. சந்தர்ப்பத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியவை ஐந்தாறுக்கு மேல் இல்லை. அந்த ஐந்தாறுக்கும் ஓர் இருப்பு நிலையை வகுத்துக்கொண்டு, காரணம் நேர்ந்தபோது மாற்றி, காரியம் முடிந்ததும் மறுபடி அந்நிலைக்கே கொண்டுவந்து வைத்துவிடுகிற பழக்கம் ஒன்று வந்துவிட்டால், படமெடுப்பதில் நேரும் விபத்துகளில் பாதி தாமாகவே நீங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். அந்த இருப்பு நிலை எப்படி இருக்க வேண்டும், ஏன் அப்படி இருக்க வேண்டும், எப்போது அதை விட்டு விலக வேண்டும் என்பதையே இங்கே சொல்லப் போகிறேன். பொதுப்படப் பேசினால் விளங்காதாகையால், 2018-ல் வெளிவந்து நம் ஊர்க் கடைகளில் பரவலாக விற்ற கானன் இ.ஓ.எஸ். 1500டி என்ற காமிராவையும், அதனோடு சேர்த்து விற்ற 18-55 மில்லிமீட்டர் லென்ஸையும் திருஷ்டாந்தமாக வைத்துக்கொள்கிறேன். நிக்கான் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் சற்று மாறுமேயன்றி விஷயம் மாறாது.

பழைய சுருள் கற்பித்த ஒழுங்கு

லென்ஸின் வழியாக வரும் பிம்பத்தையே, 45 டிகிரி சாய்த்து நிறுத்திய ஒரு கண்ணாடியைக் கொண்டு மேலே திருப்பி, படமெடுப்பவர் கண்ணுக்குக் காட்டுவதுதான் எஸ்.எல்.ஆர். காமிராவின் தத்துவம். பொத்தானை அழுத்தும் கணத்தில் அந்தக் கண்ணாடி மேலெழுந்து வழிவிட, அதன் பின்னால் இருக்கும் ஷட்டர் திறந்து மூட, ஒளி உள்ளே சென்று பதிகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் 1936-ல் தோன்றிய கினே எக்ஸாக்டா முதல் இன்றைய காமிராக்கள் வரை இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. மாறியதெல்லாம் ஒளி சென்று பதியும் இடந்தான். கோடக் கம்பெனியின் இஞ்சினீயர் ஸ்டீவன் ஸாஸன் 1975-ல் செய்து காட்டிய முதல் டிஜிட்டல் காமிரா பத்தாயிரம் புள்ளிகளாலான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிந்து முடிக்க 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அதே கம்பெனி 1991-ல், நிக்கான் எஃப் 3 என்ற பிலிம் காமிராவின் உடலிலேயே, பிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் மின்னணுப் பலகையைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய உடலிலே புதிய உயிர் புகுந்ததனால்தான், அபெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. என்ற பிலிம் காலத்து அளவைகள் மூன்றும் இன்றும் அதே பெயரோடும் அதே எண்களோடும் நம் கைக்கு வருகின்றன.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பிலிம் சுருளைக் காமிராவில் ஏற்றியவர், அச்சுருளின் 36 படங்கள் தீரும் வரைக்கும் ஒரே வேகமுள்ள பிலிமுக்குக் கட்டுப்பட்டவர். நூறு வேகமுள்ள சுருளை ஏற்றினால் வெளியில் எடுப்பதற்கு. நானூறு வேகமுள்ளதை ஏற்றினால் வீட்டுக்குள் எடுப்பதற்கு. சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 1974-ல் அமெரிக்க, ஜெர்மானிய அளவைகளை இணைத்து வகுத்த ஐ.எஸ்.ஓ. என்ற எண் அந்நாளில் சுருளின் பெட்டிமேல் அச்சிட்டிருந்த, மாற்ற முடியாத எண். இன்றோ ஒரு படத்தை நூறிலும் அடுத்ததை மூவாயிரத்து இருநூறிலும் எடுக்கலாம்; நிறத்தின் சாயலையும் கூர்மையையுங்கூடப் படத்துக்குப் படம் மாற்றலாம். சுருள் தானாகவே விதித்திருந்த கட்டுப்பாடு போய்விட்டது. அதன் ஸ்தானத்தில் நாமே ஓர் ஒழுங்கை விதித்துக்கொள்ளாவிட்டால், நேற்றிரவு விளக்கொளியில் வைத்த அளவோடு இன்று உச்சி வெயிலில் படமெடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வெளுத்துப்போன படங்களைப் பார்த்து வருந்த நேரிடுகிறது.

மூன்று அளவைகளும் அவற்றின் பின்விளைவுகளும்

அபெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் இருக்கும் துவாரம். லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண் ஆகையால், 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் துவாரம் 25 மில்லிமீட்டர் அகலம். எஃப் 8 என்றால் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். எண் பெருகப் பெருகத் துவாரம் சுருங்குகிறது என்று புதியவர்களைத் திகைக்க வைக்கும் விஷயம் இவ்வளவுதான். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று செல்லும் வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகக் குறைகிறது. ஷட்டர் வேகத்தில் 1/60, 1/125, 1/250, 1/500 என்ற வரிசையும் அப்படியே படிக்குப் பாதி. ஐ.எஸ்.ஓ.வில் 100, 200, 400, 800 என்பது படிக்கு இரண்டு மடங்கு. மூன்றும் ஒரே படிக்கணக்கில் நடப்பதால் ஒன்றில் விட்டதை மற்றொன்றில் பிடித்துக்கொள்ளலாம்: எஃப் 8-ம் 1/125-ம் சேர்ந்து தரும் ஒளியையே எஃப் 4-ம் 1/500-ம் சேர்ந்தும் தரும்.

ஒளியின் அளவு ஒன்றாக இருந்தும் படம் ஒன்றாக இருப்பதில்லை என்பதிலேதான் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் பொறுப்பும் நமக்கு வந்து சேருகின்றன. அபெர்ச்சர் எவ்வளவு ஆழத்துக்குப் படம் தெளிவாக இருக்கும் என்பதை நிர்ணயிக்கிறது. இரண்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 1.8 வைத்து எடுத்தால், இந்தக் காமிராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். கண்ணில் குறிவைத்தால் காதின் பின்புறம் மங்கத் தொடங்கிவிடும். அதையே எஃப் 8-ல் எடுத்தால் ஆழம் ஏறக்குறைய அரை மீட்டராகப் பெருகும். ஷட்டர் வேகம் அசைவை உறைய வைப்பதோ, இழைய விடுவதோ செய்கிறது. ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தினால் ஒளி பெருகுவதில்லை. கிடைத்த சொற்ப ஒளியிலிருந்து எழுந்த மின்குறி பெருக்கப்படுகிறது. அதனோடு இரைச்சலும் சேர்ந்து பெருகுவதால் நிழலான இடங்களில் மணல் தூவினாற்போன்ற பிசிறு தோன்றுகிறது. ஆழம், அசைவு, பிசிறு: படமெடுக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்த மூன்றில் இந்தப் படத்துக்கு எது முக்கியம் என்ற ஒரு கேள்வியே.

இருப்பு நிலையை வகுத்தல்

நித்திய உபயோகத்துக்கு நான் சிபாரிசு செய்வது, கானனில் ‘ஏவி’ என்றும் நிக்கானில் ‘ஏ’ என்றும் குறித்திருக்கும் முறையை. இதில் அபெர்ச்சரை நாம் சொல்ல, அதற்குரிய ஷட்டர் வேகத்தைக் காமிரா கணக்கிட்டுக்கொள்கிறது. பச்சை ஆட்டோவிலிருந்து இங்கே வருவதால் கிடைக்கும் முதல் லாபம், சற்று நிழல் தட்டியதுமே தானாக எழும்பி நின்று முகத்தில் வெள்ளையடிக்கும் ஃபிளாஷ், இனிமேல் நாம் அழைத்தாலன்றி எழும்பாது என்பது.

அபெர்ச்சரை எஃப் 5.6-ல் நிறுத்தி வையுங்கள். 18-55 லென்ஸ் அகலக் கோடியில் எஃப் 3.5 வரை திறக்குமானாலும், 55 மில்லிமீட்டருக்கு இழுத்ததும் அதனால் 5.6-க்கு மேல் திறக்க முடியாது. ஆகவே எந்தக் கோடிக்குத் திருப்பினாலும் மாறாமல் நிற்கக்கூடிய மிக விரிந்த துவாரம் அதுவே. வெயிலில் சென்றால் எஃப் 8-க்குச் சுருக்கிக்கொள்ளலாம். இவ்வகை லென்ஸ்கள் நன்கு கூர்மையாகப் பதிவது பெரும்பாலும் அங்கேதான்.

ஐ.எஸ்.ஓ.வை ‘ஆட்டோ’வில் வைத்து, பட்டியலில் அதற்கு 3200 என்று ஒரு மேல்வரம்பு கட்டிவிடுங்கள். இந்தக் காமிரா 6400 வரை ஏறும் என்றாலும், அவ்வுயரத்தில் முகத்தின் மென்மையான சாயல்கள் கெடத் தொடங்கிவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஆட்டோ ஐ.எஸ்.ஓ. கை நடுங்காத அளவுக்கு வேகத்தைக் காப்பாற்ற முயலுமேயன்றி, எதிரிலிருப்பவர் அசைவதை அது அறியாது. கை நடுக்கத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. லென்ஸின் மில்லிமீட்டர் எண் எதுவோ, விநாடியில் அத்தனையில் ஒரு பங்காவது வேகம் வேண்டும் என்பது அது. 36-க்கு 24 மில்லிமீட்டர் பிலிமுக்காக ஏற்பட்ட விதியாகையால், 22.3-க்கு 14.9 மில்லிமீட்டரான இந்தச் சின்னப் பலகைக்கு அதை 1.6-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்: 18-ல் 1/30, 55-ல் ஏறக்குறைய 1/90. லென்ஸில் இருக்கும் நடுக்கந்தாங்கி இதைவிடக் குறைந்த வேகத்திலும் கையைத் தாங்கும்; பேசிச் சிரித்துத் தலையாட்டும் மனிதரைத் தாங்காது. ஆகையால் மனிதர்களை எடுக்கையில், பார்வைச் சாளரத்தின் அடியில் தோன்றும் வேக எண்ணை ஒரு கணம் கவனித்து, 1/125-க்குக் கீழே இருந்தால் ஐ.எஸ்.ஓ.வைக் கையால் உயர்த்திவிடுவது உத்தமம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒளி அளப்பது ‘எவாலுவேட்டிவ்’. ஃபோகஸ் ‘ஒன் ஷாட்’. ஃபோகஸ் புள்ளி நடுவிலிருப்பது. ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் திருத்த அளவு பூஜ்யம். நிறச் சமன் ‘ஆட்டோ’. ஓர் அழுத்துக்கு ஒரு படம். இவற்றோடு, ஒரேமுறை செய்து மறந்துவிட வேண்டிய சில காரியங்களும் உண்டு: பார்வைச் சாளரத்தின் ஓரத்திலுள்ள சிறு திருகை உங்கள் கண்ணின் பார்வைக்குப் பொருந்தத் திருப்பி வைப்பது, தேதியும் நேரமும் சரியாக வைப்பது, மெமரி கார்டு இல்லாமலே ஷட்டர் இயங்க அனுமதிக்கும் தேர்வை அணைத்துவிடுவது. இந்தக் கடைசித் தேர்வு கடையிலிருந்து வரும்போது திறந்தே இருக்கிறது. கார்டைக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவந்து நாள் முழுவதும் வெறும் சத்தத்தைப் படமெடுத்தவர்கள் உண்டாகையால் இதைச் சொல்கிறேன்.

சுருதி சேர்த்து வைத்த தம்புராவைப் போல இந்த நிலை உங்களுக்காகக் காத்திருக்கும். எந்த ராகத்தைப் பாடப் போகிறீர்கள் என்பது அன்றைய தினத்தின் விஷயம்.

காமிராவின் தப்பெண்ணம்

நித்தியம் கை வைக்க வேண்டிய ஒரே பொத்தானைச் சொல் என்று யாராவது என்னைக் கேட்டால், கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டிருக்கும் திருத்தப் பொத்தானையே நான் சொல்வேன். காமிராவின் ஒளிமானிக்கு ஒரு பிடிவாதமான எண்ணம் உண்டு: உலகத்திலுள்ள எந்தக் காட்சியும் சராசரியாகப் பார்த்தால், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவிகிதத்தைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமே என்பது. சாதாரணக் காட்சிகளில் இந்த எண்ணம் ஏறக்குறைய சரியாகவே இருப்பதால் படங்களும் சரியாக வருகின்றன. ஆனால் சட்டம் நிறைய வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவருமாக இருக்கும்போது, ஒளிமானி அதையும் சாம்பலாக்கப் பார்த்து ஒளியைக் குறைக்கிறது. வெள்ளை அழுக்காகி, முகம் இருண்டுபோகிறது. சேற்றில் படுத்திருக்கும் எருமையைக் காட்டினால், கறுப்பைச் சாம்பலாக்குவதற்காக ஒளியைக் கூட்டி, எருமையை வெளிறச் செய்துவிடுகிறது. இந்தக் காமிரா சட்டத்தை 63 பகுதிகளாகப் பிரித்து ஆராய்ந்தும், இந்தப் பிசகு அடியோடு நீங்கவில்லை. ஆகையால் விதி நம் உள்ளுணர்வுக்கு நேர்மாறாகத் தோன்றினாலும் எளியது: வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் கழி. வெள்ளை மிகுந்த காட்சிக்கு ஒரு படி கூட்டலும், கறுப்பு மிகுந்ததற்கு ஒரு படி கழித்தலும் தொடக்கத்துக்குப் போதும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பவர் முகம் தெரிய வேண்டுமானால் ஒரு படியிலிருந்து இரண்டு படி வரை கூட்ட வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் இதைவிடக் கடினமான சங்கதி ஒன்று உண்டு. உச்சி வெயிலில், மாநிற முகமும் தும்பைப்பூப் போல் வெளுத்த வேட்டியுமாக ஒருவர் நிற்கும்போது, முகத்துக்கு ஒளி வைத்தால் வேட்டியின் மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். வேட்டிக்கு வைத்தால் முகம் நிழலில் மூழ்கும். இங்கே எந்தப் பொத்தானும் முழுத் தீர்வு தராது. அவரைத் திண்ணை நிழலுக்கோ மரத்தடிக்கோ அழைத்துப் போவதே தீர்வு. அது முடியாதபோது, டிஜிட்டல் பலகையில் அறவே வெளுத்துப்போன இடத்தை எந்த வித்தையாலும் மீட்க முடியாது, ஆனால் இருண்ட இடத்தை ஓரளவு மீட்கலாம் என்ற உண்மையை நினைவில் வைத்துக்கொண்டு, சற்றுக் கழித்து எடுப்பது விவேகம். எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும்போது ‘டிஸ்ப்’ பொத்தானை அழுத்தினால், வெளுத்துப்போன பகுதிகள் கண்சிமிட்டிக் காட்டிக்கொடுக்கும். கூடவே ஒளியின் பரவலைக் குன்றுபோல் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமும் தோன்றும். அந்தக் குன்று வலது சுவரில் மோதி நின்றால் வெண்மை தொலைந்துபோயிற்று என்று பொருள். வெயிலில் திரையின் பிரகாசம் கண்ணை ஏமாற்றும், ஹிஸ்டோகிராம் ஏமாற்றாது.

குறியும் நிறமும்

இந்தக் காமிராவில் ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பது. அவை எல்லாவற்றையும் காமிராவின் இஷ்டத்துக்கு விட்டால், பெரும்பாலும் எது அருகில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். கொலுப்படிக்கு முன்னால் நிற்கும் பெண்ணை விட்டுவிட்டு, அவளுக்கும் முன்னால் இருக்கும் குத்துவிளக்கைத் தெளிவாக்கிக் கொடுக்கும். ஒன்பதிலும் நுட்பமானது நடுப்புள்ளியே. நெடுக்கும் குறுக்குமாக இரண்டு திசையிலும் அளக்கும் ஆற்றல் அதற்கு மட்டும் இருக்கிறது. ஆகவே நடுப்புள்ளியை முகத்தின் கண்மேல் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்து, சட்டத்தை விரும்பியபடி திருப்பிக்கொண்டு, மீதியை அழுத்துவதே சௌகரியமான வழி. எஃப் 1.8 போன்ற விரிந்த துவாரத்தில் மிக அருகிலிருந்து எடுக்கும்போது மட்டும், அப்படித் திருப்புவதிலேயே தெளிவு தவறிவிடக் கூடுமாகையால், கண்ணுக்கு அண்மையிலுள்ள ஓரப்புள்ளியைத் தேர்ந்துகொள்வது நலம்.

நிறச் சமனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மாலைச் சூரியனின் பொன்னிறத்தைக் குற்றமென்று கருதி ஆட்டோ அதைத் துடைத்துவிடும்போது, ‘டேலைட்’ அல்லது ‘ஷேட்’ ஸ்தானத்துக்கு மாற்றினால் பொன் திரும்பி வரும். மஞ்சள் குண்டு பல்பும் ஜன்னல் வெளிச்சமும் கலந்த அறையில் எந்தச் சமனும் இரண்டையும் திருப்தி செய்யாது. முடிந்தால் பல்பை அணைத்துவிடலாம்.

படத்தை ஜேபெக்காகப் பதிவதா, ‘ரா’வாகப் பதிவதா என்ற தர்க்கத்துக்கும் விடை உபயோகத்தைப் பொறுத்ததே. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். இந்தக் காமிராவின் 14 பிட் ராவில் 16,384 படிகள். பின்னால் நிறத்தையும் ஒளியையும் திருத்துவதற்கு ராவில் இடம் அதிகம். ஆனால் கோப்பு பல மடங்கு பெரிது, திருத்தி முடிக்காமல் யாருக்கும் அனுப்பவும் இயலாது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து திருத்தும் பொறுமை இல்லாதவர்கள், பெரிய அளவு, உயர்ந்த தரம் என்ற ஜேபெக்கோடு நிம்மதியாக இருக்கலாம். கல்யாணம் போல் திரும்ப வராத காரியங்களுக்கு மட்டும் இரண்டையும் சேர்த்துப் பதியும் தேர்வை வைத்துக்கொண்டால் போதும்.

விலக வேண்டிய தருணங்கள்

இருப்பு நிலையை விட்டு விலகுவதற்குத் தக்க காரணங்கள் சிலவே. முதலாவது, அசைவு. ஓடுகிற குழந்தை, சிலம்பம், கால்பந்து என்று எதுவானாலும், சக்கரத்தை, ஷட்டர் வேகத்தை நாமே சொல்லும் ‘டிவி’ முறைக்குத் திருப்பி, வேகத்தை 1/500 ஆக்கி, ஃபோகஸை ‘ஏஐ செர்வோ’வுக்கு மாற்றுங்கள், பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும் வரை அது இலக்கைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து எடுக்கும் முறையில் இந்தக் காமிரா விநாடிக்கு மூன்று படங்களே எடுக்குமாகையால், படபடவென்று அழுத்தித் தள்ளுவதைவிட, சிலம்பக்காரர் கம்பை ஓங்கி உச்சியில் நிறுத்தும் அந்தக் கணத்தை எதிர்பார்த்து அழுத்துவதே பலன் தரும்.

இரண்டாவது, மேடை. அனுமதி பெற்று ஒரு பரத நாட்டியக் கச்சேரியை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பின்திரை கறுப்பு, ஆடுகிறவர் மேல் மட்டும் பிரகாசமான விளக்கு. ஒளிமானி கறுப்புத் திரையைச் சாம்பலாக்க முயன்று ஒளியைக் கூட்டிவிடுவதால், முகமும் நகைகளும் வெளுத்துப்போகும். ‘எம்’ முறை தன் தகுதியைக் காட்டுவது இத்தகைய இடத்தில்தான்: விளக்கு மாறாமல் ஆடுகிறவர் மட்டும் இடம் மாறும்போது, ஒருமுறை முகத்துக்கு அளந்து வைத்த அளவு நிகழ்ச்சி முழுவதற்கும் நிற்கும். ஜதிக்கு 1/250-க்குக் குறையக் கூடாது, அபிநயத்துக்கு 1/125 போதும், ஐ.எஸ்.ஓ. 1600 அல்லது 3200. காமிராவோடு பொருத்திய சிறு ஃபிளாஷ் இங்கே வீண். எஃப் 5.6-ல், ஐ.எஸ்.ஓ. 400-ல் அதன் ஒளி சுமார் மூன்று மீட்டருக்கு மேல் உபயோகமாகச் சென்று சேராது. பத்தாவது வரிசையிலிருந்து அதைப் பளிச்சிடுவதால், முன்வரிசைக்காரரின் பிடரிதான் பிரகாசிக்கும்.

மூன்றாவது, கல்யாண மண்டபத்து டியூப்லைட். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று உடையதாகையால், பழைய டியூப்லைட்டுகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரிகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனால் 1/250, 1/500 என்ற வேகங்களில் எடுத்தால், ஒரு படம் பிரகாசமாயும் அடுத்தது மங்கலாயும், சில சமயம் ஒரே படத்தில் பட்டை பட்டையாயும் விழுகிறது. வேகத்தை 1/100-லோ 1/50-லோ நிறுத்தினால் ஒவ்வொரு படத்திலும் முழு அலை அகப்பட்டு, ஒளி சீராகிவிடும். மாலை மாற்றும் நேரத்துக்கு 1/100 சற்றுக் குறைவுதான் என்றாலும், ஒரு கணம் கைகள் நிலைக்கும்போது அழுத்தினால் தெளிவாகவே வரும்.

நான்காவது, கல்லும் நிலக்காட்சியும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும், அர்ஜுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறைச் சிற்பமும் கிழக்கு நோக்கியவை. காலைச் சூரியன் தாழ இருக்கும்போது சாய்ந்து விழும் ஒளியில் ஒவ்வொரு செதுக்கலும் தன் நிழலோடு எழுந்து நிற்கும்; பிற்பகலில் அதே பாறை தட்டையாகத் தோன்றும். இங்கே ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 அல்லது 11. ஆழம் இன்னும் அதிகமாக வேண்டுமென்று எஃப் 22 வரை சுருக்கினால், மிகச் சிறிய துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து சிதறுவதால், படம் முழுவதுமே கூர்மை குன்றிவிடும்.

ஐந்தாவது, கார்த்திகை விளக்கு வரிசை போன்ற மங்கிய ஒளி. கையால் எடுப்பதானால் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருப்பது பெரிய அநுகூலம், ஐ.எஸ்.ஓ. 1600 வைத்து, இருட்டு இருட்டாகவே இருக்கும்படி ஒரு படி கழித்து எடுக்கலாம். முக்காலி இருந்தால் ஐ.எஸ்.ஓ. 100-க்கு இறங்கி, ஷட்டரை ஒரு விநாடி, இரண்டு விநாடி திறந்து வைக்கலாம். அப்போது நடுக்கந்தாங்கியை அணைத்துவிட்டு, பொத்தானைத் தொடும் கையின் அதிர்ச்சி படத்தில் விழாதபடி, இரண்டு விநாடி தாமதித்து எடுக்கும் டைமரை உபயோகிக்க வேண்டும்.

மேலே சொன்ன ஒவ்வொரு தருணத்திலும் நாம் மாற்றியது இரண்டு மூன்று அளவுகளையே என்பதையும், ஒவ்வொன்றுக்கும் கண்முன் தெரியும் ஒரு காரணம் இருந்தது என்பதையும் வாசகர்கள் கவனிக்கலாம். காரணமில்லாமல் மாற்றிய அளவும், காரணம் போன பிறகும் திருப்பப்படாமல் நின்றுவிட்ட அளவுமே படங்களைக் கெடுக்கின்றன. முக்கியமாக, பல காமிராக்களில் திருத்த அளவு காமிராவை அணைத்து மறுபடி எழுப்பினாலும் பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை; விளக்கு வரிசைக்காகக் கழித்த ஒரு படி, மறுநாள் பேரனின் பிறந்தநாள் படங்களையும் இருட்டாக்கிவிடும்.

இப்போது பெரிய கம்பெனிகள் கண்ணாடியில்லாத ‘மிரர்லெஸ்’ காமிராக்களின் பக்கம் திரும்பிவிட்டதால், எஸ்.எல்.ஆர். காமிராக்கள் பழைய சரக்காகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல சமயம் இல்லை. இங்கே சொன்ன விதிகளில் கண்ணாடியைச் சார்ந்தது எதுவும் இல்லையாகையால், நாளைக்கு எந்தக் காமிராவை வாங்கினாலும் அவை செல்லுபடியாகும். அதற்கு முன், இன்று கையிலிருக்கும் காமிராவைப் பையில் வைக்குமுன் அரை நிமிஷம் செலவிடுங்கள்: ஏவி, எஃப் 5.6, ஆட்டோ ஐ.எஸ்.ஓ., ஒன் ஷாட், நடுப்புள்ளி, திருத்தம் பூஜ்யம் என்று ஆறையும் சரிபார்த்து மூடுங்கள். அடுத்த முறை எதிர்பாராமல் ஒரு நல்ல காட்சி வாய்க்கும்போது, காமிராவை எடுத்துக் கண்ணில் வைத்து அழுத்துவது ஒன்றே உங்களுக்கு வேலையாக இருக்கும்.